நத்தையா சாலக்கிராமமா

அந்த வருஷம் எங்கள் வீட்டில் புரட்டாசி முடிய மறுத்துவிட்டது. காலண்டரில் முடிந்தது, கோயிலில் முடிந்தது. கடைசிச் சனிக்கிழமை கழிந்த மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டில் கோழி வறுபடும் வாசனை கதவைத் தட்டாமல் எங்கள் வீட்டுக்குள் வந்தது. எங்கள் அடுப்பில் மட்டும் பூசணிக்காய் கொதித்துக்கொண்டிருந்தது. புரட்டாசி பெருமாள் மாதம் என்று கவுச்சி தொடாமல் இருப்பது எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் உள்ள பழக்கம்தான். ஒரு மாதம் நாக்கைக் கட்டிப்போடலாம். அவிழ்த்துவிடும் நாள் தெரிந்தால் நாய்கூடக் குரைக்காமல் நிற்கும். எங்களுக்கு அந்த நாள் வரவே இல்லை. காரணம் ஒரு கல். ஐம்பது காசு நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய கல்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மகள், என் நாத்தனார். மகள் ஈப்போவில் ஆபீசுக்குப் போகிறவள். நாத்தனார் என் வீட்டுக்காரரின் தங்கை. என் வீட்டுக்காரரும் இல்லை, அவள் வீட்டுக்காரரும் இல்லை. அதனால் சண்டையில் இடையில் வந்து நிற்க ஆளில்லை, வசதியாக இருந்தது. வீடு செமோரில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்த தாமான் குடியிருப்பில். நான் பால் வெட்டிய மர நிரை ஒன்று இருந்த இடத்தில் இப்போது காசு போட்டுத் துணி துவைக்கும் கடை இருக்கிறது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. கொசு குறைந்திருக்கிறது, துணியும் சீக்கிரம் காய்கிறது.

தாமானுக்குப் பின்னால் ஒரு சுண்ணாம்புமலை. மலை ஓரத்தில் சேறாகக் கிடந்த பாதையை நிரப்ப லோரிக்காரர்கள் உடைந்த கல்லைக் கொட்டியிருந்தார்கள். அந்தப் பாதையின் ஓரத்தில்தான் சுருள்கீரை முளைக்கும், மலாய்க்காரர்கள் பூச்சோக் பாக்கு என்று சொல்வது. காலையில் நானும் நாத்தனாரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு கீரை பறிக்கப் போவோம். கீரைக்குக் குனிந்த நாத்தனார்தான் முதலில் ஒரு கல்லைப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க வாங்களேன். கல்லுக்குள்ள யாரோ அரிசி கொட்டி வச்சிருக்காங்க."

"நல்லாப் பாரு. பச்சரிசியா, புழுங்கலா?"

"வெளையாடாதீங்க அண்ணி, நெசமா அரிசி."

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிறக் கல்லில் வெள்ளையாக, இரண்டு முனையும் கூராக, அரிசி அரிசியாகப் பதிந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. அன்று கீரையோடு அந்தக் கல்லும் வீட்டுக்கு வந்தது. அடுத்த நாள் இன்னொன்று வந்தது. அதற்குள் நடுவில் ஓட்டை போட்ட சின்னச் சின்ன மணிகள்.

"யாரோ பாசி அறுந்து கொட்டிட்டாங்க" என்றாள் நாத்தனார்.

"ஆமா, கல்லுக்குள்ள உக்காந்து அறுத்துட்டாங்க. பெறகு எந்திரிச்சிப் போயிட்டாங்க."

"நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்களாச்சே, சொல்லுங்க. இது என்ன?"

எனக்கு ஒன்று தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. "ஸ்குரு நட்டு. மலைக்குள்ள மெசின் போட்டானுங்க. அது கழண்டு விழுந்தது" என்றேன். அப்படித்தான் எங்கள் பெயர் வைக்கும் வேலை ஆரம்பித்தது. விசிறிபோல வரி வரியாக இருந்த சிப்பிக்குக் கெராங் என்று பேர் வைத்தேன். நாசி லெமாக் சோற்றில் போடும் கெராங் சிப்பிக்கும் அதற்கும் ஒரே வரிதான், இது கொஞ்சம் ஒல்லி. கொம்புபோல வளைந்து குறுக்குக் கோடு போட்டது முறுக்கு. மீதி எல்லாம் பொரி. ஐஸ்கிரீம் டப்பாவின் மூடியில் வகை வகையாகப் பிரித்து வைத்தோம். கீரை பறிப்பது குறைந்துபோய்க் கல் பொறுக்குவது அதிகமானது. குனிந்து குனிந்து என் இடுப்பு வலியே போய்விட்டது என்று நான் சொல்வேன். இடம் மாறிவிட்டது என்று மகள் சொல்வாள்.

மகள் ஒருநாள் டப்பாவைப் பார்த்துவிட்டு, "மா, இதெல்லாம் ஃபாசில்மா. கடல்ல இருந்த உயிரு. ரொம்ப ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி செத்துக் கல்லாயிருச்சு" என்றாள்.

"செமோர்ல ஏதுடி கடலு? கடலு பாக்கணும்னா பாகான் டத்தோ பக்கம் போவணும். அதுக்கே நீ காடியில ஏத்திக்கிட்டுப் போவ மாட்டேங்குற."

"அப்போ இங்கயே கடல் இருந்துச்சுமா. இந்த மலையே அந்தக் கடலோட அடிதான்."

நாத்தனார் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். நான் வைக்கவில்லை. ஆனாலும் கெராங் என்று நான் சொன்னது கிட்டத்தட்ட சரிதானே என்று மகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

புரட்டாசி இரண்டாவது வாரத்தில்தான் அந்தச் சுருள் கல் கிடைத்தது. கண்டெடுத்தவள் நாத்தனார். ஒரு சின்னப் பாறைத் துண்டில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிந்தது. தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி வைத்த மாதிரி, நடுவில் சின்னதாக ஆரம்பித்து வெளியே வரவர தடித்து ஒரு சுருள். பார்த்ததுமே நான் சொல்லிவிட்டேன்.

"சீப்புட்."

சீப்புட் என்றால் நத்தை. தோட்டத்தில் இருந்தபோது ஓடையில் கூடை கூடையாகப் பொறுக்குவோம். வாலை நறுக்கி, மிளகாயும் தேங்காய்ப்பாலும் போட்டுச் சமைத்தால் உறிஞ்சிச் சாப்பிடலாம். நான் வாலை நறுக்கிய சீப்புட்டுகளை வரிசையாக வைத்தால் தாப்பா டவுன் வரைக்கும் போகும். அதனால் எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

நாத்தனாருக்கும் அன்று சந்தேகம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போனில் யாரோ ஒரு சாமியார் பேசும் வீடியோவைப் பார்க்கும்வரை. அதில் அவர் கையில் இதேபோலச் சுருள் உள்ள கறுப்புக் கல் ஒன்றை வைத்திருந்தார். வடக்கே ஒரு ஆற்றில் கிடைப்பதாம். சாலக்கிராமம் என்று பேராம். அந்தச் சுருள்தான் பெருமாளின் சக்கரமாம். தானாகத் தேடி வந்தால் அந்த வீட்டில் பெருமாளே வந்து இறங்கிய மாதிரியாம்.

"புரட்டாசியில வந்திருக்கு அண்ணி" என்றாள். குரல் மாறியிருந்தது. "அதுவும் என் கைக்கு."

"உன் கைக்கு வரல. நீ குனிஞ்சி எடுத்த."

அவள் அதைக் கேட்கவில்லை. வீடியோவில் சாமியார் அடுத்து என்ன சொன்னார் என்பதுதான் என் தலையில் விழுந்தது. சாலக்கிராமம் இருக்கும் வீட்டில் தினமும் அபிஷேகம் செய்ய வேண்டும். ஒரு நாள் விடக்கூடாது. கவுச்சி வாசலைத் தாண்டக்கூடாது. புரட்டாசி மட்டுமல்ல, எப்போதுமே.

புரட்டாசி முடிந்த மறுநாள் நான் பசாருக்குப் போய் வாங்கி வந்த கெம்போங் மீன் பையை அவள் வாசலிலேயே மறித்தாள். இடுப்பில் கை. அத்தனை வருஷத்தில் அவள் என்னை மறித்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணி, மீனு உள்ள வரக்கூடாது."

"இது என் மவ வீடு."

"பெருமாளு வீடு."

"பெருமாளு வாடகை குடுக்குறாரா?"

நான் சொன்ன வேடிக்கைக்கு அவள் எப்போதும் சிரித்துவிடுவாள். அன்று சிரிக்கவில்லை. மீனை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவர்கள் அதைப் பொரித்தபோது வந்த வாசனை எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது, அதை மட்டும் அவளால் மறிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் அவளுடையது. வெளியில் கவுச்சி சாப்பிட்டால் குளித்துவிட்டுத்தான் சாமி மேடை இருக்கும் பக்கம் வரவேண்டும். மகள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே கோழிச்சோறு தின்றுவிட்டு வருவாள், வந்ததும் குளிப்பாள். அவளுக்கு அது எப்படியும் குளிக்கிற நேரம்தான். நான் சனிக்கிழமை மகளோடு ஈப்போ டவுனுக்குப் போய், தவுகே என்ற முளைப்பயறு போட்ட கோழி ஒரு தட்டைத் தின்றுவிட்டு வந்து, மழை கொட்டும் சாயங்காலத்தில் தலைக்குக் குளித்தேன். சளி பிடித்துக்கொண்டது. தும்மினால்கூட மேடைக்கு அந்தப் பக்கம் திரும்பித் தும்மச் சொன்னாள்.

என்ன சமைப்பது என்பதையும் அவளே சொல்ல ஆரம்பித்தாள். இதையும் சொல்ல வேண்டும். தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது அவளுக்குக் கிடைத்தது ஒரு பெட்டியும் ஒரு குடையும்தான். அதற்குப் பிறகு பெரிய அண்ணன் வீடு, பீடோரில் மகன் வீடு, மருமகளுக்குப் பிடிக்காமல்போய் எங்கள் வீடு என்று எத்தனையோ அடுப்படியில் நின்றிருக்கிறாள். எல்லா அடுப்படியிலும் வெங்காயம் அவள் வெட்டுவாள், எதற்கு வெட்டுகிறோம் என்பதை வேறொருத்தி சொல்வாள். எங்கள் வீட்டில் அந்த வேறொருத்தி நான். இப்போது அவள் காலையில் மேடைக்கு முன்னால் நின்று, மணி அடித்து, திரும்பிப் பார்க்காமலே, "இன்னிக்கி வெண்டக்கா புளிக்கொழம்பு, ரசம்" என்பாள். நான் வெண்டைக்காய் நறுக்கினேன்.

இந்தச் சண்டை எதைப் பற்றி என்பது எனக்கு அப்போதே தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கல் நத்தை என்றால் மீனும் அடுப்படியும் எனக்குத் திரும்பி வரும். சாலக்கிராமம் என்றால் நான் சாகும்வரை வெண்டைக்காய் நறுக்க வேண்டும்.

அபிஷேகம் பலமாக நடந்தது. பால், தயிர், இளநீர், தேன், எல்லாவற்றுக்கும் மேல் எலுமிச்சைச் சாறு. எங்கள் முருகன் கோயில் அபிஷேகத்தில் எலுமிச்சை உண்டு, அதனால் இதற்கும் உண்டு என்று அவளே முடிவு செய்தாள். பக்கத்து வீட்டு மரத்தில் எலுமிச்சை கொத்துக் கொத்தாகக் காய்த்தது. தினமும் இரண்டு பழம். கல் ஒரு வெண்கலக் கிண்ணத்தில் சாறுக்குள் உட்கார்ந்திருக்கும், அவள் தெரிந்த போற்றி எல்லாம் சொல்லி முடிக்கும்வரை. தெரியாத இடத்தில் முதலிலிருந்து சொல்வாள்.

கார்த்திகை பிறந்த சமயம் ஒருநாள் காலை அவள் போட்ட சத்தத்தில் என் தேத்தண்ணி கொட்டிவிட்டது.

"அண்ணி! சாமி மேல எழுத்து!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேலே இருந்த சாம்பல் தோல் கரைந்து, கீழே மினுமினுப்பாகச் சுருள் தெரிந்தது. அந்தச் சுருளின் குறுக்கே வளைந்து நெளிந்து, சேலைக்கரையில் ஓடும் அலைபோல, மெல்லிய கோடுகள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சமமான இடைவெளி விட்டு நடு வரைக்கும் போயின. முன்பு அவை அங்கே இல்லை.

"அழுக்கு" என்றேன்.

"தெனம் குளிப்பாட்டுற சாமி மேல எப்படி அழுக்கு வரும்?"

"தெனம் குளிக்கிற உன் மேல வரல?"

அவள் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் தாமானில் இருந்த தமிழ் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தி அது சமஸ்கிருதம் என்றாள். ஒருத்தி அது ஓம் என்றாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓம் ஆகவில்லை, அதனால் தலையைத் திருப்பினாள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாரும் பால் கொண்டு வருவதாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் நம்பும் கல்லை எதிர்த்துப் பேசலாம். தாமானே நம்பும் கல்லை எதிர்த்தால் எனக்கு யார் சீனி கடன் கொடுப்பார்கள்?

அன்று சாயங்காலம் மகளைப் பிடித்தேன்.

"உன் கூட்டாளி ஒருத்தி கல்லு படிச்சவ இருக்கா இல்ல? கல்லு ஒடைக்கிற கோரியில வேல செய்யுறவ."

"இருக்கா. எதுக்கு?"

"விருந்துக்குக் கூப்பிடு. சைவ விருந்து."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் வீட்டில் மீன் வேண்டியிருந்தது. அதிகம் கேட்காமல் போனை எடுத்தாள்.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மண்கறை ஏறிய பூட்ஸை வாசலில் கழற்றினாள், கழுத்தில் கயிற்றில் ஒரு சின்னக் கண்ணாடி தொங்கியது. சாப்பிட்டு முடிந்ததும் முதலில் எங்கள் ஐஸ்கிரீம் டப்பா மூடியை முன்னால் வைத்தேன். கையை நேராக மீனுக்கு நீட்டக்கூடாது, சுற்றித்தான் வரவேண்டும். அவள் கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அரிசி என்று நாங்கள் சொன்னது கண்ணுக்குத் தெரியாத பூச்சி வகையில் பெரியதாக வளர்ந்த ஒன்றின் கூடு. ஸ்குரு நட்டு என்பது கடல் அல்லி என்ற பிராணியின் தண்டு, பூ மாதிரி இருக்கும் ஆனால் பூ இல்லை, செத்ததும் தண்டு மணி மணியாகக் கழன்றுவிடும். முறுக்கு, பவளம்.

"கெராங்?" என்றேன், விடாமல்.

"கெராங் மாதிரி இருக்கு, ஆனா கெராங் இல்ல ஆன்ட்டி. ரெண்டு மூடியும் பாருங்க, மேல உள்ளது பெருசு, கீழ உள்ளது சின்னது. கெராங்குக்கு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும். இது வேற குடும்பம்."

நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "எங்க அண்ணி வச்ச பேரு ஒண்ணுகூட சரியில்ல போலயே" என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள்.

"பொரின்னு சொன்னேனே, அது?"

"அது வெறும் கல்லு ஆன்ட்டி."

சரி, நான் கவலைப்படவில்லை. சில்லறையில் தோற்றால் என்ன? "இப்ப அதக் காட்டு" என்றேன் நாத்தனாரிடம்.

அவள் யோசித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கிண்ணத்தோடு எடுத்து வந்தாள். அந்தப் பெண்ணும் கேட்காமலே எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். நல்ல பெண். கண்ணாடியை வைத்துக் குனிந்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை.

நான் காத்திருக்கவில்லை. "நத்ததானே?"

"நத்த இல்ல ஆன்ட்டி."

நாத்தனாரின் மூச்சு எனக்குக் கேட்டது.

"நல்லாப் பாரு. நான் எத்தன சீப்புட் வால் நறுக்கியிருக்கேன் தெரியுமா?"

"நத்தைக்கு உள்ள சுவர் இருக்காது. நீங்க நறுக்குனப்ப ஒரே குழாயா இருந்திருக்குமே? அதனாலதான வாலு பக்கம் ஓட்டை போட்டா முன்பக்கம் உறிஞ்ச வருது?"

அது உண்மை. நடுவில் சுவர் இருந்திருந்தால் நாங்கள் எல்லாரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இதுக்கு உள்ள ரூம் ரூமா இருக்கு" என்றாள். "வளர வளர முன்னாடி நகர்ந்து, பின்னாடி ஒரு சுவர் கட்டிக்கும். கடைசி ரூம்லதான் குடியிருக்கும். இந்தக் கோடெல்லாம் அந்தச் சுவர் வந்து ஓட்டுல ஒட்டுற இடம். சாலக்கிராமத்துக்குள்ள இருக்குறதும் இந்தக் கூட்டந்தான் ஆன்ட்டி. இது அதுக்கும் மூத்தது. அதோட பெரியப்பன்னு வச்சிக்கோங்க."

"பெரியப்பாவா!" நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தட்டில் வைத்தால் ஒரு வேளை பசியாறலாம். பிறகு திரும்பி, மெதுவாகக் கேட்டாள்: "ரூம் மாறிப் போவும்போது பழைய ரூம விட்டுட்டுப் போயிராதா?"

"இல்ல ஆன்ட்டி. எல்லா ரூமும் கூடவேதான். அதுல காத்து நெரப்பிக்கிட்டுத்தான் மெதக்கும்."

"கெட்டிக்காரன்" என்றாள் கல்லைப் பார்த்து.

நான் முடிந்தது என்று நினைத்தேன். வெண்டைக்காய் என் தலையெழுத்து. ஆனால் அந்தப் பெண் கிண்ணத்தை மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

"இதுல என்ன ஊத்துறீங்க ஆன்ட்டி?"

"எலுமிச்சஞ்சாறு. தெனம் ரெண்டு பழம்."

"ஐயோ. அதான் கோடு வெளிய வந்திருக்கு. சாறு தோல சாப்பிட்டிருச்சு. இது சுண்ணாம்புக்கல்லு. இப்படியே ஊத்துனா கோடு போவும், பெறகு சுருளே போயிரும்."

நாத்தனாரின் முகம் மாறியது. "அண்ணி சொல்லச் சொன்னாங்களா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. எங்கள் பொரி வகையிலிருந்து ஒரு வெறும் கல்லை எடுத்து, அதன்மேல் எலுமிச்சையை ஒரு சொட்டுப் பிழிந்து, நாத்தனாரின் காதருகில் பிடித்தாள். நானும் குனிந்தேன். பொங்கலுக்குப் பால் பொங்குவதற்கு முன் சட்டி ஓரத்தில் கேட்கும் சத்தம், அதைவிட மெல்லியதாக. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது நுரை நுரையாகக் கொப்புளம். நாத்தனார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே கரைச்சிட்டேனா?"

அவள் கண் கலங்கியது. இத்தனை நாள் தினமும் அவள் கையாலேயே. எனக்கு அந்த நேரம் வேடிக்கை ஒன்றும் வரவில்லை, ஆனால் வீட்டில் அழுகையை நிறுத்த எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"ஏம்மா, இந்தப் பெரியப்பா உசுரோட இருந்தப்ப எப்படி இருப்பாரு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"ஓட்டுக்குள்ள இருந்து கை கையா நீட்டிக்கிட்டு. நம்ம சோத்தோங் இருக்கு இல்ல, அந்தச் சொந்தம் ஆன்ட்டி."

சோத்தோங் என்றால் கணவாய். எங்கள் வீட்டில் சம்பலுக்குப் போட்டால் சட்டி கழுவ வேண்டாம்.

"என்னா தின்னுவாரு?"

"சின்ன ஜீவன் எதெல்லாம் கெடைக்குதோ அதெல்லாம் புடிச்சித் தின்னிருக்கும்."

"கீர?"

"கீரை சாப்பிட்டிருக்காது" என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சமையல்கட்டுக்குள் போய்விட்டாள், சத்தம் மட்டும் கேட்டது.

நான் நாத்தனார் பக்கம் திரும்பினேன். "பாத்தியா? நான் சொன்ன மாரி நத்தயா இருந்தாலாவது பாசி தின்னுக்கிட்டு சைவமா கெடந்திருக்கும். நீ சொன்ன பெரியப்பாதான் அசைவம். வந்த நாள்லேர்ந்து அவருக்குத் தயிரும் தேனுமா ஊத்திப் பட்டினி போட்டிருக்க."

"அண்ணி, சாமிய அப்படிப் பேசாதீங்க."

"நம்ம முனியாண்டிக்குக் கோழி அறுத்துப் படையல் போடலயா? சுருட்டு வைக்கலயா? இவரு வடக்கேர்ந்து வரல புள்ள. செமோர்லயே பொறந்து செமோர்லயே கெடந்தவரு. நம்ம தோட்டத்து ஆளு."

அவள் கல்லைக் கிண்ணத்திலிருந்து எடுத்து, பைப்புத் தண்ணீரில் சாறு போகும்வரை கழுவி, முந்தானையில் துடைத்து மேடையில் வைத்தாள். அந்தப் பெண் கிளம்பும்போது நாத்தனார் அவளிடம் தனியாக ஏதோ கேட்டாள். தண்ணீர் மட்டும் ஊற்றினால் கரையாதே என்று கேட்டிருக்கிறாள். தினமும் கொஞ்சம் தண்ணீரால் ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பால் கொண்டு வருவதாகச் சொன்ன பெண்களுக்கெல்லாம் நாத்தனாரே போன் போட்டு, வரவேண்டாம், சாமிக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் வழக்கம்போல மணி அடித்தாள். பச்சைத் தண்ணீர், ஒரு செம்பருத்தி. நான் வெண்டைக்காயை எடுத்து நறுக்கும் பலகையில் வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று.

"அத எடுத்து உள்ள வைங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "இன்னிக்கி மீனு. கெம்போங். நான்தான் போயி வாங்கப் போறேன். நீங்க வாங்குனா கண்ணு செவந்த மீனா பாத்து வாங்குவீங்க."

"கொழம்பா, பொரியலா?"

"நான் சொல்றதுதான்."

"சொல்லு."

"யோசிச்சிச் சொல்றேன்." குடையை எடுத்தாள். வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டு, விரலை நீட்டினாள். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிப்புட்டேன் அண்ணி. மீனு வரலாம், எறா வரலாம், கோழி வரலாம். சோத்தோங் மட்டும் இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. சொந்தக்காரங்கள சட்டியில போட்டுக்கிட்டு அவரு முன்னாடி நிக்க என்னால முடியாது."

"எறா தின்னலாமா?"

"எறா அவருக்குச் சொந்தமான்னு அந்தப் புள்ளைக்குப் போன் போட்டுக் கேட்டு வைங்க. நான் வாரதுக்குள்ள."

போய்விட்டாள். நான் மகளின் கூட்டாளிக்குப் போன் போட்டேன். எறா வேறு குடும்பம் என்றாள், பயப்படாமல் சாப்பிடலாம் என்றாள். கெராங்கைப் பற்றியும் கேட்டு வைத்தேன். தூரத்துச் சொந்தமாம், ரொம்ப ரொம்ப தூரம். அதை நாத்தனாரிடம் நான் சொல்லப் போவதில்லை. பிறகு இஞ்சியைச் சீவி, பூண்டை உரித்து, அவள் எப்படிச் சமைக்கச் சொன்னாலும் தேவைப்படும் என்று வெங்காயத்தையும் வெட்ட ஆரம்பித்தேன்.